பாட்டி அதைச் சொல்லவில்லை

2022 தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை, என் அம்மாவின் கழுத்திலிருந்த செயினை ஒருவன் பறித்துக்கொண்டு போனான். லண்டன் ஈஸ்ட் ஹாமில், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. அம்மா முருகன் கோவிலுக்குப் போய்விட்டு, வழியில் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார். கோவில்பட்டியிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்த அவர் இந்த ஊரில் தனியாகப் போய்வரக் கற்றுக்கொண்ட இரண்டே இடங்கள் அவை. அதில் அவருக்குச் சின்னப் பெருமையும் உண்டு. “நானே போயிட்டு நானே வந்திருவேன்” என்று ஊருக்கு போன் பேசும்போது சித்தியிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

நான் மாடியில் அலுவலக அழைப்பு ஒன்றில் இருந்தேன். மணி அடித்துக் கதவைத் திறந்தால், பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்மணியின் தோளைப் பிடித்தபடி அம்மா. கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு. இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. முழங்கால் பக்கம் புடவை கிழிந்திருந்தது. முருங்கைக்காய்ப் பை மட்டும் பத்திரமாகக் கையில் இருந்தது.

நான் முதலில் கேட்டது இது: “யாரு உன்ன செயின் போட்டுட்டுப் போகச் சொன்னா?”

அடி பட்டிருக்கிறதா என்று கேட்கவில்லை. உட்காரச் சொல்லவில்லை. செயினைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன் என்று அவர் சொல்லத் தொடங்கியதும், “விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே” என்று அடுத்ததையும் கேட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்மணிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என் குரலைக் கேட்டு, அம்மாவின் கையை விடாமல் உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டுத்தான் போனார்.

ஒரு மணி நேரத்தில் இரண்டு காவலர்கள் வந்தார்கள். சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை அழைக்கட்டுமா என்று இளையவர் கேட்டார். தேவையில்லை, நானே சொல்கிறேன் என்றேன். இந்த நாட்டுக்கு எம்.எஸ்ஸி. படிக்க வந்து இருபது வருடம் ஆகிறது. என் அம்மாவின் தமிழை எனக்கு முன்னால் வைத்துக்கொண்டே இன்னொருவர் மொழிபெயர்ப்பதாவது!

செயின் என்ன எடை என்றார்கள். “அஞ்சு பவுன்” என்று அம்மாவே பதில் சொன்னார். “ஃபைவ் பவுண்ட்ஸ்?” என்று இளைய காவலர் புருவத்தை உயர்த்தினார். பவுன் என்ற சொல்லே இவர்கள் நாணயத்திலிருந்து நம் ஊர் நகைக்கடைக்குப் போன சொல்தான். நூறு வருடத்துக்கு மேல் நம்மிடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது அவர்களுக்கே அது அடையாளம் தெரியவில்லை. நாற்பது கிராம் என்று விளக்கினேன்.

அப்போதுதான் அம்மா சொன்னார். “எய்யா, அது வெறும் செயின் இல்லன்னு சொல்லு. ஒங்கப்பா கட்டின தாலிய உருக்கி அடிச்சது. வேற தங்கம் கலந்திராம ஆசாரி பக்கத்துலயே உக்காந்திருந்து வாங்கினேன்.”

எனக்கே அது அன்றுதான் தெரியும். அப்பா 2016இல் இறந்தார். பதினாறாம் நாளோடு நான் விமானம் ஏறிவிட்டேன். அம்மா கழற்றிய தாலிக்கொடி என்ன ஆயிற்று என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதை அவர் ஆறு வருடமாகக் கழுத்தில்தான் போட்டிருந்திருக்கிறார், ஜாக்கெட்டுக்குள் மறைத்து. யாரும் ஏதும் சொல்லிவிடுவார்களோ என்று.

காவலர் பேனாவோடு காத்திருந்தார். நான் சொன்னேன்: “இட் ஹேஸ் சென்டிமென்டல் வேல்யூ.” அவர் தலையை அசைத்து எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். வண்டி என்ன நிறம்?

எப்படி நடந்தது என்று கேட்டதற்கு அம்மா எழுந்து நின்றே காட்டினார். “பின்னாடி சைக்கிள் மாதிரி ஒண்ணுல வந்தான். சத்தமே இல்ல. கழுத்துல கை வச்சான். நான் விடல. ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டேன். தரதரன்னு இழுத்துட்டுப் போனான்ய்யா. பஸ் ஸ்டாப்புல நாலு பேரு நிக்காங்க. பாத்துக்கிட்டே நிக்காங்க. ஒருத்தரும் வரல.”

நான் ஆங்கிலத்தில் சொன்னது: பின்னாலிருந்து மின்சார சைக்கிளில் வந்து செயினைப் பறித்தான், இவர் கீழே விழுந்துவிட்டார். யாராவது பார்த்தார்களா என்றதற்கு, சிலர் இருந்திருக்கலாம் என்றேன். நான்கு பேர், பேருந்து நிறுத்தம் என்று அம்மா சொன்ன கணக்கு என் வாயில் ‘சிலர்’ ஆகிவிட்டது.

ஏன் அப்படிச் சுருக்கினேன் என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். அம்மாவைச் சிரமப்படுத்தக் கூடாது என்று நினைத்தது உண்மை. நம் ஆட்கள் எதையும் கூப்பாடு போட்டுச் சொல்கிறவர்கள் என்று எதிரில் இருப்பவர் நினைத்துவிடக் கூடாது என்று நினைத்ததும் உண்மை. இந்த இரண்டாவதைத்தான் ஒத்துக்கொள்ளக் கஷ்டமாக இருக்கிறது. இருபது வருடம் இந்த ஊர்க் கூட்ட அறைகளில் பழகிய குரல் அது. எல்லாவற்றையும் ஒரு படி தணித்துச் சொல்லும் குரல். என் அம்மாவை அந்தக் குரலில் பேச வைத்தேன்.

அன்று இரவு, பதிமூன்று வயது மகள் என் அறைக்கு வந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

“அப்பா, பாட்டி அதைச் சொல்லலை.”

“எதை?”

“விழுந்தேன்னு பாட்டி சொல்லலை. இழுத்துட்டுப் போனான்னு சொன்னாங்க. நீங்க ‘ஃபெல்’னு சொன்னீங்க. விழுந்தேன் வேற, இழுத்தான் வேற.”

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அந்தப் பருவம்தான் தன்வினை, பிறவினை நடத்தியிருந்தார்கள். இந்தக் குழந்தைகளுக்கு இதெல்லாம் எங்கே பயன்படப்போகிறது என்று அந்தப் பாடத்தைப் பற்றி நான் அலுத்துக்கொண்டதுகூட நினைவிருக்கிறது. “ரெண்டும் ஒண்ணுதான், போய்த் தூங்கு” என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மின்னஞ்சலில் குற்றப் பதிவு எண் வந்தது. “சி.எஸ்.ஆர். ரசீது மாதிரி ஏதாவது குடுத்தாங்களா?” என்று அம்மா கேட்டார். அச்செடுத்துக் கொடுத்தேன். மடித்துத் தன் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டார். ‘நபரிடமிருந்து திருட்டு’ என்று அதில் பதிவாகியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களின் உரிமைகள் பற்றிய இணைப்பு ஒன்றும் கீழே இருந்தது. மென்பொருள் நிறுவும்போது நிபந்தனைகளைப் படிக்காமல் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்துகிறவன் நான். இதையும் அப்படித்தான் கடந்தேன்.

இரண்டு நாள் கழித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் சேவையிலிருந்து ஒரு பெண் அழைத்தார். உங்கள் அம்மாவோடு பேசலாமா, மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்க்கிறேன் என்றார். அம்மா நன்றாக இருக்கிறார், தேவைப்படாது என்று நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அம்மா அப்போது பக்கத்து அறையில்தான் இருந்தார். யாரு போன்ல என்று கேட்டதற்கு, ஒண்ணுமில்ல, கம்பெனிக்காரங்க என்றேன்.

அம்மா அதன்பிறகு வெளியே போகவில்லை. குளிராக இருக்கிறது என்றார். தீபாவளி அன்றுகூடக் கோவிலுக்கு வரவில்லை.

நவம்பர் முதல் வாரம் ஒரு துப்பறியும் காவலர், பெண், அழைத்தார். வேறொரு செயின் பறிப்பில் ஒருவனைப் பிடித்திருக்கிறார்கள். எங்கள் பக்கத் தெருவில் ஒரு வீட்டு வாசல் கேமராவில் அம்மாவுக்கு நடந்ததும் பதிவாகியிருக்கிறது. “பதிவில் அவர் விழவில்லை. ஐந்தாறு அடி தூரம் இழுக்கப்படுகிறார். முதல் வாக்குமூலத்தில் அது இல்லையே, உங்கள் அம்மா அதைச் சொல்லவில்லையா?”

“சொன்னார்” என்றேன்.

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. விஷயத்தை விளக்கினார். 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டப்படி இங்கே திருட்டுக்கு அதிகபட்சத் தண்டனை ஏழு ஆண்டு. திருடுவதற்காக ஆள்மேல் பலத்தைப் பிரயோகித்தால் அது வழிப்பறி. அதற்கு ஆயுள்வரை போகலாம். அம்மா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டதும் அவன் இழுத்ததும்தான் இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு. எதைக் கேட்டு நான் அவரைத் திட்டினேனோ, அதேதான்.

புதிதாக வாக்குமூலம் வாங்க வேண்டும், மொழிபெயர்ப்பாளரோடு வருகிறேன் என்றார். நான் மறுபடியும் வாயைத் திறந்தேன்: இந்தமுறை கவனமாகச் சொல்கிறேனே. “மொழிபெயர்ப்பாளரைப் பெறுவது உங்கள் அம்மாவின் உரிமை, வேண்டாம் என்று சொல்ல வேண்டியவரும் அவர்தான்” என்றார் அவர். கோபமில்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் காது சூடாகிவிட்டது.

என் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒரு மென்பொருள் கட்டுவதற்கு முன்னால், அதைப் பயன்படுத்தப்போகிறவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். அவருடைய மேலாளர் “அவர்களுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும்” என்று சொல்வதை வைத்து ஒரு வரிகூட எழுதக் கூடாது. இதை இளம் ஆட்களுக்கு வகுப்பெடுத்தே சொல்லியிருக்கிறேன். சொந்த வீட்டுச் சமையலறையில் நான்தான் அந்த மேலாளர்.

மொழிபெயர்க்க வந்தவர் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட யாழ்ப்பாணத்து அம்மா. கனமான கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முதலில் அம்மாவிடம் தான் யார், என்ன செய்வேன் என்று சொன்னார். “நீங்கள் சொல்லுறதை நான் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். ஒண்டுக்கும் அவசரமில்லை. ஆறுதலாக் கதையுங்கோ அம்மா.” ஈழத் தமிழில் ‘ஆறுதலாக’ என்றால் மெதுவாக, நிதானமாக என்று பொருள். என் அம்மாவுக்கு அது தெரியாது. தனக்கு ஒருத்தி ஆறுதல் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. அந்தப் பிழையை நான் திருத்தவில்லை. என்னை அறையைவிட்டு வெளியே போகச் சொல்லிவிட்டார்கள் என்பதால் திருத்தவும் முடியாது.

ஒன்றே முக்கால் மணி நேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன், மகள் அன்று உட்கார்ந்திருந்த அதே படியில். கதவு மூடியிருந்தது. சொற்கள் கேட்கவில்லை, ஏற்ற இறக்கம் மட்டும் கேட்டது. ஒருமுறை அம்மா சிரித்தார். ஒருமுறை நீண்ட நேரம் ஒரு சத்தமும் இல்லை.

வாக்குமூலத்தை அந்த அம்மா தமிழில்தான் எழுதினார், ஆங்கிலம் பிறகு. அம்மா அதை வரி விடாமல் படித்து, ஓரிடத்தில் திருத்தச் சொல்லி, தமிழில் கையெழுத்துப் போட்டார். தினத்தந்தியைத் தலைப்பிலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்கிறவர் அவர். ‘பயந்துபோனேன்’ என்று இருந்ததை அடித்து ‘கேவலமாக இருந்தது’ என்று மாற்றச் சொன்னாராம். இது பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். வாசலில் அந்த அம்மா கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, “எப்படிச் சொன்னாங்க?” என்று மெல்லக் கேட்டேன். “அதை நீங்கள் அம்மாவிட்டத்தான் கேக்கோணும் தம்பி” என்றார்.

அன்று சாப்பிடும்போது அம்மா சொன்னார். “சொன்னா சொன்னபடி எழுதுதா அந்தப் பொண்ணு. நீ நடுவுல நடுவுல சுருக்கிப்புடுத.” ஆங்கிலம் தெரியாவிட்டாலும், தான் பேசிய நேரத்தையும் நான் பேசிய நேரத்தையும் அவர் அளந்து வைத்திருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் அந்த மின்னஞ்சலைத் தேடி எடுத்து, இணைப்பைத் திறந்து படித்தேன். இங்கிலாந்துக்கும் வேல்சுக்குமான ‘விக்டிம்ஸ் கோட்’. 2006இலிருந்து இருப்பது, 2021 ஏப்ரலில் பன்னிரண்டு உரிமைகளாகத் திருத்தி எழுதப்பட்டது. முதல் உரிமையே ‘புரிந்துகொள்ளவும் புரிந்துகொள்ளப்படவும்’ உள்ள உரிமை. புகார் கொடுக்கும்போதும், காவல்துறை விசாரிக்கும்போதும், சாட்சி சொல்லும்போதும் கட்டணமில்லாமல் மொழிபெயர்ப்பாளர். ஒருவனைக் கைது செய்தாலோ விடுவித்தாலோ ஐந்து வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். வழக்குத் தொடரப்போவதில்லை என்று முடிவெடுத்தால் அதை மறுபரிசீலனை செய்யக் கேட்கலாம். ஏழாவது உரிமைதான் அம்மாவைப் பொறுத்தவரை முக்கியமானது: நடந்தது தன்னை என்ன செய்தது என்று தன் சொந்தச் சொற்களில் ஓர் அறிக்கை கொடுக்கலாம். என்ன தண்டனை தர வேண்டும் என்று மட்டும் அதில் சொல்லக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவனும் அதைப் படிப்பான். துப்பறியும் காவலர் இதைச் சொன்னபோது அம்மா, “படிக்கட்டும், அதுக்குத்தான சொல்லுதேன்” என்றாராம்.

இந்த உரிமைகளுக்குக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ தேவையில்லை. ஆறு மாத விசாவில் வந்த பாட்டிக்கும் உண்டு.

2023 கோடையிலிருந்து மகளின் தமிழ்ப் பள்ளியிலும், பிறகு கேட்ட சில இடங்களிலும் இதைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவேன். முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் நான்கு பேர் பிள்ளைகளின் வகுப்பு முடியக் காத்திருந்தவர்கள்.

சொல்லிலேயே தொடங்கியது சிக்கல். ‘விக்டிம்’ என்பதற்கு நம்மிடம் இருப்பது ‘பாதிக்கப்பட்டவர்’. ஊரில் அம்மாவிடம் போனில் இந்தச் சொல்லைச் சொன்னதற்கு, “வெள்ளத்துல வீடு போனவங்கள அப்படித்தான நியூஸ்ல சொல்லுவாங்க?” என்றார். உண்மைதான். வெள்ளத்துக்கு உரிமை கேட்டு யாரும் கடிதம் எழுதுவதில்லை. ‘பலியானவர்’ என்றால் இறந்துவிட்டார் என்று பொருளாகிறது. கடைசியில், “நமக்கு ஒரு குற்றம் நடந்தால்” என்று சுற்றி வளைத்துத்தான் பேசுகிறேன். நீளமாக இருக்கிறது, ஆனால் யாரும் நின்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

வயதானவர்களுக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுக்கிறேன்: “டமில் இன்டர்பிரட்டர், ப்ளீஸ்.” எல்லோரும் சேர்ந்து சொல்வோம். வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல இருக்கும், சிரிப்பார்கள். பிள்ளைகளுக்குச் சொல்வது வேறு: உங்கள் அம்மாவுக்காக நீங்கள் பேச வேண்டியதில்லை என்று சொல்ல உங்களுக்கும் இடமுண்டு. இங்கே பிறந்த பிள்ளைகள் எத்தனை பேர் எட்டு வயதிலிருந்து மருத்துவரிடமும் நகராட்சி அலுவலகத்திலும் காவலரிடமும் பெற்றோரின் வாயாக இருந்திருக்கிறார்கள் என்பது அப்போது எழும் கைகளைப் பார்த்தால் தெரியும். ஒரு பல்கலைக்கழக மாணவர், அப்பாவின் கடையில் கத்தியைக் காட்டிப் பணம் எடுத்துப்போன இரவில் அப்பா அழுததை ‘ஹி இஸ் அப்செட்’ என்று மொழிபெயர்த்ததாகச் சொன்னார். அப்போது அவருக்குப் பதினொரு வயது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஈழத்திலிருந்து வந்த மூத்தவர்கள் சிலருக்கு மொழி இரண்டாவது தடை, சீருடை முதல் தடை. அங்கே சீருடையைக் கண்டால் என்ன செய்து பழகினார்களோ அதையே இங்கேயும் உடம்பு செய்கிறது. கதவைத் திறக்க மாட்டார்கள். காவல்துறைக்குப் போகாமலேயே உதவி கேட்கலாம் என்பது இவர்களுக்குப் புதிய செய்தி. 1974இல் பிரிஸ்டல் நகரில் தொடங்கிய ‘விக்டிம் சப்போர்ட்’, புகார் கொடுத்தீர்களா, எப்போது நடந்தது என்று பார்ப்பதில்லை, யாரும் அழைக்கலாம்.

விசா இல்லாதவர்களின் கேள்விக்குத்தான் என்னால் முழுத் தைரியத்தோடு பதில் சொல்ல முடிவதில்லை. முதலாளி அடித்தான், புகார் கொடுத்தால் என்னைப் பிடித்து அனுப்பிவிடுவார்களா? உரிமை உண்டு என்பது உண்மை. காவல்துறை குடிவரவுத் துறையோடு தகவல் பகிர்வதைத் தடுக்கும் சுவர் இல்லை என்பதும் உண்மை. லிபர்ட்டியும் சவுத்ஹால் பிளாக் சிஸ்டர்ஸும் சேர்ந்து 2018இல் இதை எதிர்த்து முறையிட்டன. பாதிக்கப்பட்டோருக்காக 2024இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்திலும் அந்தச் சுவர் எழுப்பப்படவில்லை. இந்த விதித்தொகுப்பு இருப்பதையே மக்களுக்குத் தெரியப்படுத்துவது அதிகாரிகளின் கடமை என்று அதே சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். தெரிந்துகொண்ட பிறகு பயப்படாமல் வருவது எப்படி என்பது எழுதப்படவில்லை. இவர்களிடம் நான் சொல்வது, முதலில் ஒரு சட்ட ஆலோசகரையோ இப்படிப்பட்ட அமைப்பையோ பாருங்கள், தனியாகப் போகாதீர்கள் என்பதுதான். இதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடுகிறது.

ஒருமுறை கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து தானும் அடுக்கத் தொடங்கினார். மூன்று நாற்காலி அடுக்கிய பிறகு கேட்டார்: “அண்ணா, வீட்டுக்காரருக்காக வீட்டுக்காரரே மொழிபெயர்த்தா, பிறகு மாத்திச் சொல்ல ஏலுமா?” எனக்கு முதலில் கேள்வி புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தேன். காவலர் வந்த இரவில், அவர் அடித்ததைப் பற்றி அவரே ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். முடியும், தனியாகப் பேசக் கேட்கலாம் என்றேன். “வாற மொழிபெயர்ப்பாளர் எங்கட ஊர் ஆளா இருந்தா?” இதுவும் நியாயமான பயம். சின்னச் சமூகம், லண்டனில் நடந்தது மறுநாள் டொராண்டோவுக்குப் போய்விடும். அவர்கள் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள், தெரிந்தவராக இருந்தால் உடனே சொல்லி வேறொருவரைக் கேளுங்கள், பெண் வேண்டுமானால் அதையும் கேளுங்கள் என்றேன். வாழ்க்கைத்துணை விசாவில் வந்தவரா என்றேன். ஆம் என்றார். வன்முறையால் உறவு முறிந்து வெளியேறுகிறவர்களுக்கு மூன்று மாதம் தனியாகத் தங்க அனுமதியும், அரசு உதவி கேட்கும் வாய்ப்பும் தரும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதைச் சொல்லி, அந்தத் துறையில் வேலை செய்யும் பெண்கள் அமைப்பு ஒன்றின் எண்ணை எழுதிக் கொடுத்தேன். காகிதத்தைப் பார்த்துவிட்டு, எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு, காகிதத்தைத் திருப்பித் தந்துவிட்டார். பிறகு அவரைப் பார்க்கவில்லை. அவரை அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் இங்கே மாற்றியிருக்கிறேன், கேள்வியை மட்டும் மாற்றவில்லை.

வேறு நாடுகளில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கனடாவில் 2015 முதல் பாதிக்கப்பட்டோருக்கான தனி உரிமைச் சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012ஆம் ஆண்டு ஆணையிலும் ‘புரிந்துகொள்ள, புரிந்துகொள்ளப்பட’ என்பது உரிமையாக எழுதப்பட்டிருக்கிறது. பாரிசிலும் டோர்ட்முண்டிலும் இருப்பவர்கள் அதைக் கேட்கலாம்.

நீதிமன்ற நாளைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவன் நான்கு வழிப்பறிகளை ஒப்புக்கொண்டான். அம்மா டிசம்பரிலேயே ஊருக்குப் போய்விட்டார். 2023 வசந்தத்தில் தீர்ப்பு நாளன்று நான் மட்டும் போய்ப் பார்வையாளர் இருக்கையில் உட்கார்ந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவனுக்கு இருபது வயது இருக்கும். மெலிந்த கழுத்து. அவனைப் பார்த்தால் ஆத்திரம் வரும் என்று எதிர்பார்த்துப் போனேன். அவன் தன் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அரசுத் தரப்பு வழக்கறிஞர், ஒரு பெண், அம்மாவின் அறிக்கையை எழுந்து நின்று வாசித்தார். நான் அதை முன்பு படித்ததில்லை, கேட்கவும் துணியவில்லை. ‘தாலி’ என்ற சொல்லை அந்த யாழ்ப்பாணத்து அம்மா ஆங்கிலத்திலும் தாலி என்றே வைத்திருந்தார். நான் இரண்டு சொல்லில் முடித்ததற்கு மூன்று வாக்கியம் எடுத்துக்கொண்டிருந்தார். கட்டியது யார், கழற்றியது எப்போது, உருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. வழக்கறிஞர் அந்தச் சொல்லை ‘டாலி’ என்று உச்சரித்தார். பிறகு பேருந்து நிறுத்தத்தில் நின்ற நான்கு பேர் வந்தார்கள். அம்மா இரவில் விழித்துக் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பது வந்தது. பிறகு இது வந்தது:

‘என் மகன் என்னைத் திட்டினான். பயந்துபோய்த்தான் திட்டினான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் திட்டினான். அதனால் நான் என்மேல்தான் தப்பு என்று சில நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.’

வழக்கறிஞருக்கு அந்த மகன் நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்திருப்பது தெரியாது. அடுத்த வரிக்குப் போனார்.

அம்மாவைக் கேட்டுத்தான் இந்தக் கட்டுரையை எழுதினேன். முழுவதையும் போனில் வாசித்துக் காட்டினேன். அறிக்கையிலிருந்து நான் சேர்த்திருந்த இன்னொரு விஷயத்தை மட்டும், “அது நான் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னது, பத்திரிகைக்குச் சொன்னது இல்ல” என்றார். எடுத்துவிட்டேன்.

தீர்ப்பு நாளன்று மாலையே ஊருக்கு அழைத்தேன். அங்கே இரவு மணி பத்துக்கு மேல். அம்மா தூங்காமல் காத்திருந்தார். சிறைத் தண்டனை என்று சொன்னதற்கு ‘ம்’ என்றார். செயின் கிடைக்குமா என்றார். கிடைக்காது, உருக்கி விற்றிருப்பான் என்றேன். மறுபடியும் உருக்கிவிட்டார்கள் என்பதை இருவருமே சொல்லவில்லை.

“நான் சொன்னத வாசிச்சாங்களா?”

“வாசிச்சாங்கம்மா.”

“எல்லாத்தையுமா? ஒண்ணும் விடலையே?”

“ஒண்ணும் விடல.”

“யாரு வாசிச்சா, நீயா?”

“இல்லம்மா. வக்கீலம்மா.”

“அப்பச் சரி” என்றார் அம்மா.